ஈ-டைப் பின்சக்கர பேரிங்: பழைய ஸ்பேசரையே போட்டுவிடலாமா?

உங்கள் கேள்வி நீளமாக இருந்தாலும் உள்ளே கேட்டிருப்பது ஒன்றுதான். 1967 மாடல் ஜாகுவார் ஈ-டைப், 4.2 லிட்டர், வலது பின்சக்கரத்தில் உறுமல். பேரிங், ஆயில் சீல் எல்லாம் வாங்கி வைத்துவிட்டீர்கள். புது பேரிங்கைத் தட்டி உட்கார வைத்து, இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே நிற்கும் பழைய ஸ்பேசர் வளையத்தையே போட்டு, சக்கரக் குடமான ஹப்பின் நட்டை 140 பவுண்டு-அடிக்கு முறுக்கினால் வேலை முடிந்தது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இன்னொருவர் ஸ்பேசரை அளக்காமல் தொடாதே என்கிறார். இதில் யாரை நம்புவது, அமுக்கிப் பொருத்தும் பிரஸ் இயந்திரம் இல்லாமல் வீட்டு கராஜில் இதைச் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. இரண்டாமவர் சொன்னதுதான் சரி. வீட்டில் செய்யவும் முடியும், ஆனால் நுண்ணிய அசைவை அளக்கும் ஒரு டயல் கேஜும் ஒரு முழு நாள் பொறுமையும் வேண்டும். இங்கிலாந்தில் பழைய கார்களைப் பிரித்துக் கட்டும் பட்டறைகளில் 20 வருடத்துக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன், அதில் பாதி நாள் இந்த ஜாகுவார் பின் அச்சோடுதான் போயிருக்கிறது. அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த அமைப்பு மனதில் பதிய வேண்டும். 1961-இல் ஈ-டைப்போடு வந்த தனித்தனிப் பின் சஸ்பென்ஷன் இது. இதே வடிவத்தைத்தான் மார்க் 10, எஸ்-டைப், எக்ஸ்ஜே6, எக்ஸ்ஜேஎஸ் என்று 30 வருடத்துக்கு மேல் வைத்துக்கொண்டார்கள். பிரேக் டிஸ்க் சக்கரத்தில் இருக்காது, உள்ளே, இழுவையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலை ஒட்டி இருக்கும். அங்கிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டான ஹாஃப் ஷாஃப்ட் சக்கரத்தைச் சுற்றுவதோடு நிற்பதில்லை, சக்கரத்தை மேலே தாங்கிப் பிடிக்கும் கையும் அதுதான். கீழே விஷ்போன் என்ற கவட்டைக் கை. இவை இரண்டுக்கும் வெளி முனையில் நிற்பது அலுமினியத்தில் வார்த்த ஹப் கேரியர். அந்தக் கேரியருக்குள் கூம்பு வடிவ உருளைகள் கொண்ட இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள், நடுவில் ஹப். ஹாஃப் ஷாஃப்ட்டின் பல் வெட்டிய முனை ஹப்புக்குள் நுழைந்து நட்டால் இறுகுகிறது. சக்கரத்தின் மேல் கை ஹாஃப் ஷாஃப்ட்தான் என்பதால், ஹப்பில் வரும் ஆட்டம் சக்கரம் நிற்கும் சாய்விலேயே தெரிந்துவிடும்.

இப்போது ஸ்பேசருக்கு வருவோம். முன்சக்கரத்தில் நட்டை இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, கையால் ஆட்டிப் பார்த்து விடுவோம். அங்கே ஆட்டத்தைத் தீர்மானிப்பது நட்டு. பின்பக்கம் அப்படிக் கிடையாது. நட்டை முழுப் பலத்தில் முறுக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் இன்ஜினின் முழு இழுவையும் அந்தப் பற்கள் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. அவ்வளவு இறுக்கியும் பேரிங் நசுங்காமல் சுற்ற வேண்டும் என்றால் இரண்டு பேரிங்குகளின் உள்வளையங்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்று ஏதாவது ஒன்று தடுத்து நிறுத்த வேண்டும். அதுதான் அந்தச் சின்ன எஃகு வளையம். வளையம் தடித்தால் ஆட்டம் கூடும், மெலிந்தால் ஆட்டம் குறையும். இன்னும் மெலிந்தால் ஆட்டமே இல்லாமல் உருளைகள் நெருக்கப்படும். ஜாகுவாரின் பட்டறைக் கையேடு கேட்பது 0.002-இலிருந்து 0.006 அங்குலம் வரை ஆட்டம், அதாவது 0.05-இலிருந்து 0.15 மில்லிமீட்டர். நாங்கள் பட்டறையில் இதை 2 தவ், 6 தவ் என்போம், ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று.

அந்த வளையத்தைக் கம்பெனி 15 தடிமனில் செய்தது. 0.109 அங்குலத்தில் ஆரம்பித்து மும்மூன்று தவ் கூடி 0.151-இல் முடியும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஆங்கில எழுத்து இருக்கும், ஏ-வில் தொடங்கி ஆர் வரை, நடுவில் ஐ, என், ஓ மட்டும் கிடையாது. பழைய வளையத்தைத் துடைத்துப் பார்த்தால் எழுத்து தெரியலாம். தெரியாவிட்டால் மைக்ரோமீட்டரால் அளந்துகொள்ளுங்கள், தெரிந்தாலும் அளந்துவிடுங்கள். 15 தடிமன் எதற்கு என்று யோசித்தாலே பதில் கிடைத்துவிடும். ஒவ்வொரு கேரியரும், ஒவ்வொரு ஜோடி பேரிங்கும் சில தவ் வித்தியாசத்தில்தான் வருகின்றன. பழைய பேரிங்குக்குப் பொருந்திய வளையம் புதுசுக்கும் பொருந்தினால் அது அதிர்ஷ்டம்.

இதை நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு வண்டியின் இடது பின்பக்கத்துக்கு நானே பேரிங் மாற்றினேன். பழைய வளையம் நல்ல பளபளப்பாக இருந்தது, அதையே போட்டேன். நட்டை முறுக்கிய பிறகு கையால் சுற்றினால் ஹப் வெண்ணெய் மாதிரி சுற்றியது, ஆட்டம் துளியும் இல்லை, எனக்கு ஒரே சந்தோஷம். சுமார் 40 மைல் ஓட்டிவிட்டு வந்து கேரியரில் கை வைத்தேன், ஒரு நொடிகூட வைக்க முடியவில்லை. உள்பக்கச் சீலைத் தாண்டித் தேன் மாதிரி இளகிய கிரீஸ் வழிந்து விஷ்போன் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் புது பேரிங்கின் வளையம் வைக்கோல் நிறத்துக்கு மாறியிருந்தது. 'ஆட்டம் துளியும் இல்லை' என்று நான் சந்தோஷப்பட்டேனே, அதுதான் தப்பு. டேப்பர் பேரிங்கில் கைக்கு ஆட்டம் தெரியவில்லை என்றால் அது சரியாக 2 தவ்வில் இருக்கலாம், 5 தவ் நெருக்கத்திலும் இருக்கலாம், கைக்கு இரண்டும் ஒன்றுதான். கேஜ்தான் பிரித்துச் சொல்லும்.

பிரிப்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்கள் உறுமல் ஹப் பேரிங்கிலிருந்துதான் வருகிறது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் உறுதி சொல்ல முடியாது. இந்த வண்டியில் டிஃபரென்ஷியலின் வெளித்தண்டு பேரிங் தேய்ந்தாலும் ஏறக்குறைய இதே சத்தம் வரும். வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது கூடி, மறுபக்கம் குறைந்தால் ஹப் மேல் சந்தேகம் கூடும், ஆனால் அதுவே முடிவு அல்ல. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், இன்னொருவர் கீழே டார்ச்சோடு பார்க்கட்டும். ஹப்புக்கும் கேரியருக்கும் நடுவே அசைவு தெரிந்தால் ஹப் பேரிங். கேரியர் முழுசாக விஷ்போனின் கவட்டையில் அசைந்தால் கீழே கேரியரை விஷ்போனோடு கோர்க்கும் ஃபுல்க்ரம் ஷாஃப்ட்டின் பேரிங். ஹாஃப் ஷாஃப்ட்டின் சிலுவையில் அசைந்தால் அதன் மடங்கும் மூட்டான யுனிவர்சல் ஜாயின்ட். எதிலும் இல்லாமல் டிஸ்க்கே உள்ளும் வெளியும் போய் வந்தால் டிஃபரென்ஷியல் தண்டு, அது வேறு வேலை, பின் அச்சின் கூண்டையே இறக்க வேண்டிய வேலை. ஹப் பேரிங் மாற்ற வந்த வண்டிகளில் ஃபுல்க்ரம் ஆட்டத்தை ஹப் ஆட்டம் என்று நினைத்து வந்தவர்கள் நிறைய. எப்படியும் கேரியரைக் கழற்றும்போது ஃபுல்க்ரம் வெளியே வந்துதான் ஆக வேண்டும், அதனால் அந்த பேரிங்குகளையும் அப்போதே பார்த்துவிடுங்கள். அங்கே ஆட்டம் விடக் கூடாது, ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து 0-இலிருந்து 2 தவ் வரை நெருக்கம் கொடுக்க வேண்டும், ஷாஃப்ட் நட்டுகளுக்கு 55 பவுண்டு-அடி. ஒரே கேரியரில் மேலே ஆட்டம், கீழே நெருக்கம் என்பதால் இரண்டையும் மாற்றிப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

கழற்றும்போது ஹப் நட்டைத் தளர்த்த, பிரேக்கை ஒருவர் மிதித்துப் பிடித்தால் போதும், டிஸ்க் உள்ளே இருப்பதால் ஹாஃப் ஷாஃப்ட் நின்றுகொள்ளும். ஸ்டாண்ட் உறுதியாக இருக்க வேண்டும், ஜாக்கை மட்டும் நம்பி நீளமான பாரில் தொங்காதீர்கள். ஹப்பை ஷாஃப்ட்டிலிருந்து எடுக்க, இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் கட்டாயம். கம்பிச் சக்கர ஹப்பில் வெளிமரையைப் பிடித்துக்கொள்ளும் புல்லர் வாடகைக்குக் கிடைக்கும், அதைத் தேடுங்கள். அது இல்லை என்று ஷாஃப்ட் முனையில் சம்மட்டியால் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அடி நேராக யுனிவர்சல் ஜாயின்ட்டின் ஊசி பேரிங்குகளுக்குப் போகும், மரையும் பூப் போல விரிந்துவிடும். புல்லரை இறுக்கி வைத்து அப்படியே விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள், சில சமயம் நீங்கள் இல்லாதபோதே டக்கென்று விட்டுக்கொடுக்கும். ஃபுல்க்ரம் ஷாஃப்ட் பல வருடம் கழற்றாததாக இருந்தால் துருவில் இறுகியிருக்கும், முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். இன்னொன்று: ஹாஃப் ஷாஃப்ட்டை டிஸ்க் பக்கம் கழற்றினால் நடுவில் மெல்லிய ஷிம்கள் இருக்கும். பின்சக்கரத்தின் கேம்பர், அதாவது சக்கரம் நிற்கும் சாய்வு, அவற்றால்தான் வருகிறது. எத்தனை, எந்தப் பக்கம் என்று கம்பியில் கோத்துத் தொங்கவிடுங்கள், இடது வலது கலந்துவிட்டால் அப்புறம் கேம்பர் அளந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கேரியர் கையில் வந்ததும் முதல் வேலை சுத்தம். பழைய வெளிவளையங்களைத் தட்டி எடுக்கும்போது அலுமினியத்தில் உளி படாமல், சுற்றிச் சுற்றிச் சிறிது சிறிதாகத் தட்டுங்கள். புது வளையங்களை உட்கார வைக்க நான் கேரியரை அடுப்பில் சுமார் 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, வளையங்களை முந்தின இரவே ஃபிரீசரில் வைத்துவிடுவேன். அலுமினியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும், அதனால் வளையம் சத்தமில்லாமல் இறங்கிவிடும், ஆறியதும் இறுகிக்கொள்ளும். இறங்கிய பிறகும் ஒரு பித்தளைக் கட்டையால் சுற்றிலும் தட்டி, சத்தம் 'டொக்' என்பதிலிருந்து 'டிங்' என்று மாறுகிறதா என்று கேளுங்கள், மாறினால் தோளில் முழுசாக உட்கார்ந்துவிட்டது. இது முக்கியம், ஏனென்றால் வளையம் இரண்டு தவ் உட்காராமல் நின்றாலும் நீங்கள் பின்னால் அளக்கும் அளவு பொய்யாகிவிடும். குளிர்ந்த கேரியரில் புது வளையம் விரலால் தள்ளினாலே இறங்குகிறது என்றால் உள்ளே சுற்றிச் சுற்றிக் குழி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பசை போட்டு ஓட்டலாமா என்பதில் பட்டறைக்குப் பட்டறை கருத்து மாறும். நான் செய்வதில்லை, வேறு கேரியர் தேடுவேன்.

இப்போது அளவு. வெளி பேரிங்கில் கிரீஸைக் கையால் நன்றாக அடைத்து, வெளிப்பக்கச் சீலையும் போட்டுவிட்டுத்தான் ஹப்பை உள்ளே அமுக்க வேண்டும், அப்புறம் அதற்கு வழி கிடைக்காது. உள் பேரிங்கை மட்டும் எண்ணெய் தடவி விடுங்கள், உள் சீல் இப்போது வேண்டாம். கையேட்டின் முறை 0.150 அங்குலத் தடிமனுள்ள ஒரு சிறப்பு வளையத்தைப் போட்டு அளப்பது. அவ்வளவு தடிப்பாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. மெல்லிய வளையத்தோடு அளந்து கேஜ் அசையவில்லை என்றால் எவ்வளவு நெருக்கம் என்று யாருக்கும் தெரியாது. தடித்ததைப் போட்டால் நிச்சயம் ஆட்டம் இருக்கும், இருக்கும் ஆட்டத்தைத்தான் அளக்க முடியும். சிறப்பு வளையம் கிடைக்காவிட்டால் ஆர் எழுத்துள்ள 0.151 வளையம் ஒன்றை வாங்கி அதையே வைத்துக்கொள்ளலாம், கணக்கில் ஒரு தவ் மாறும், அவ்வளவுதான்.

வீட்டில் செய்பவர்களுக்கு நான் சொல்வது, ஹாஃப் ஷாஃப்ட்டை வெளியே எடுத்து பெஞ்சு வைஸில் பிடித்து, மேலே கேரியர், ஹப் எல்லாம் கோத்து, நட்டை முழு 140-க்கு முறுக்கி அளப்பது. வண்டியில் நட்டு எந்த இறுக்கத்தில் இருக்குமோ அதே இறுக்கத்தில் அளக்கிறீர்கள், பிரஸ் இல்லாத குறை தெரியாது. கேஜின் காந்தக் கால் அலுமினியத்தில் ஒட்டாது, இதை எல்லோரும் அந்த நேரத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள். கேரியரின் ஒரு துளையில் சின்ன இரும்புத் தகட்டை போல்ட் போட்டு அதன் மேல் காலை நிறுத்துங்கள், முள் ஹப்பின் முகத்தில் நேராக நிற்கட்டும். கேரியரை ஒரு பக்கம் அமுக்கிக்கொண்டே 10, 12 சுற்று சுற்றுங்கள், உருளைகள் தங்கள் இடத்தில் போய் உட்கார வேண்டும். கேஜைப் பூஜ்யத்தில் வைத்து, எதிரெதிராக இரண்டு நெம்புகோல் கொடுத்து நேராக மறுபக்கம் தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் சாய்வைத்தான் அளப்பீர்கள். மூன்று முறை அளந்து மூன்றும் ஒன்றாக வந்தால்தான் அந்த எண்ணை நம்புவேன்.

கணக்கு எளிது. 0.150 வளையத்தோடு 22 தவ் ஆட்டம் வந்தது என்று வையுங்கள். நமக்கு வேண்டியது 2-க்கும் 6-க்கும் நடுவே, அதாவது 4. மிச்சம் 18 தவ் குறைய வேண்டும், 150-இல் 18 போனால் 132. அப்படி ஒரு வளையம் கிடையாது, ஹெச் என்பது 0.130, ஜே என்பது 0.133. ஹெச் போட்டால் ஆட்டம் 2 தவ், ஜே போட்டால் 5 தவ். இரண்டுமே கையேட்டின் எல்லைக்குள்தான். நான் ஜே போடுவேன். 2 தவ் என்பது விளிம்பு, என் கேஜில் ஒரு தவ் பிழை இருந்தால்கூட நான் நெருக்கத்தின் பக்கம் போய்விடுவேன், நெருங்கிய பேரிங் சூட்டில் இன்னும் நெருங்கி ஒரே பயணத்தில் போய்விடும். கொஞ்சம் தளர்ந்தது சத்தம் போட்டு எச்சரிக்கும். இதில் மறுபக்கம் வாதிடும் நல்ல மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள், ஓடி ஓடி எப்படியும் தளரத்தானே போகிறது, இறுக்கமான பக்கமே இருக்கட்டும் என்பார்கள். அது அவர்கள் கை. எதைப் போட்டாலும், போட்டு முறுக்கிய பிறகு இன்னொரு முறை கேஜ் வையுங்கள், கணக்கில் வந்த எண்ணும் கேஜில் வரும் எண்ணும் ஒரு தவ்வுக்குள் ஒத்துப்போக வேண்டும்.

அளவு சரியானதும் உள் பேரிங்கிலும் கிரீஸை அடைத்து, உள் சீலைப் போட்டு மூடுங்கள். நடுவில் இருக்கும் காலியிடத்தை முழுக்க நிரப்பாதீர்கள், பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். கேரியரில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதைத் திறந்தால் பேரிங்குக்குக் கிரீஸ் விடும் துளை. அதில் கிரீஸ் கன்னை வைத்து அழுத்தி அழுத்தி ஏற்றினால் கிரீஸ் போக வழியில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சீல் ஒழுகுகிறது என்று வரும் வண்டிகளில் பல இப்படி அன்பு கூடிப்போன வண்டிகள்தான்.

சேர்க்கும்போது ஷாஃப்ட் பற்களில் தேய்மானம் பாருங்கள். கிளட்சை விடும்போது பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தால் அது பற்களாக இருக்கலாம். நல்ல பற்களில் லாக்டைட் மாதிரி பசை தடவலாமா என்று கேட்டால், நான் மெல்லிசாகத் தடவுகிறேன். தேய்ந்த பற்களைப் பசை காப்பாற்றாது. நட்டு 140, நட்டைப் பூட்டும் ஸ்ப்லிட் பின்னின் துளை நேராக வராவிட்டால் அடுத்த துளைவரை இறுக்க வேண்டும், பின்னால் தளர்த்தக் கூடாது. நட்டு எவ்வளவு இறுகினாலும் ஆட்டம் மாறாது, அதை ஸ்பேசர் பார்த்துக்கொள்ளும். பின்னால் வந்த ஜாகுவார்களின் கையேட்டில் வேறு எண் பார்த்தால் குழம்ப வேண்டாம், உங்கள் வண்டியின் கையேட்டில் இருப்பதையே பிடித்துக்கொள்ளுங்கள். கம்பிச் சக்கர ஹப்புகளில் இடதுக்கும் வலதுக்கும் மரை எதிரெதிர், இரண்டு பக்கமும் ஒரே நாளில் பிரித்தால் மாறிப்போகாமல் பெயிண்ட்டால் குறித்துக்கொள்ளுங்கள். மாறிப்போனால் ஓட ஓட, சக்கரத்தைப் பிடித்திருக்கும் நடு நட்டு தானே கழன்றுகொள்ளும்.

முதல் ஓட்டம் 10 மைல் போதும். திரும்பி வந்ததும் இரண்டு பக்கக் கேரியரிலும் கை வையுங்கள். வெதுவெதுப்பாக, இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் சுட்டால் மறுபடி ஓட்டாதீர்கள், பிரியுங்கள். நன்றாக இருந்தால் 50 மைலில் இன்னொரு முறை பாருங்கள், சீலைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அளக்க கேஜ் இல்லை, வாங்கவும் விருப்பமில்லை என்றால் கேரியரைக் கழற்றி, புது பேரிங்கோடு ஒரு நல்ல பட்டறையில் கொடுத்து ஸ்பேசரை மட்டும் அமைத்து வாங்கிக்கொள்ளுங்கள், மற்ற எல்லாம் நீங்களே செய்யலாம். நீங்களே அளந்தால், போட்ட வளையத்தின் தடிமனையும் கேஜில் வந்த மூன்று எண்களையும் இங்கே போடுங்கள், எந்த எழுத்து வாங்க வேண்டும் என்று சேர்ந்தே கணக்குப் போட்டுவிடலாம்.